கோயில் கொடை, பங்குத் திருவிழா, வண்டிச் சத்தம், போன்: இத்தனைக்கும் நடுவே ஆழமாக யோசிக்க நேரம் ஒதுக்குவது எப்படி?

நாகர்கோவில் பக்கம் சத்தமே இல்லாத இடம் தேடிச் சலித்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஓர் இடம் தேவையில்லை. யோசனையை அதிகம் கெடுப்பது பேச்சும் பாட்டுவரிகளும்தான். மனதுக்குள் வாக்கியமாக ஓடும் சிந்தனையோடு காதில் விழும் சொற்கள் மோதும். ஒரே சீரான ஓசை அந்த அளவுக்குத் தொந்தரவு செய்யாது. அதனால் கூம்பு ஒலிபெருக்கி இருக்கும் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியை வேகமாக வையுங்கள். மழை பெய்கிறதா, இன்னும் நல்லது.

ஸ்பாஞ்ச் இயர் பிளக் வாங்கினால், விரலால் உருட்டி ஒல்லியாக்கி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே விடுங்கள். அது விரியும்வரை அரை நிமிடம் விரலை எடுக்காதீர்கள். நுனியை மட்டும் செருகிவிட்டுப் பயனில்லை என்பவர்களே அதிகம். சரியாக வைத்தாலும் திருவிழாவில் அடிக்கும் சிங்காரிமேளத்தின் அதிர்வு உள்ளே வரத்தான் செய்யும்.

நேரத்துக்கு என் பரிந்துரை, அதிகாலை 4.30 முதல் 5.15. ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் எழும் நேரம் அது. ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொன்னாலும், மார்கழியில் ஐந்து மணிக்கே பாட்டு தொடங்கும் ஊர்கள் உண்டு. சுசீந்திரம் மார்கழித் திருவிழா, டிசம்பர் 3-ஐ ஒட்டி முடியும் கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. அருகில் குடியிருந்தால் அந்தப் பத்து நாளும் யோசிக்க உட்காராமல், அதற்கு வேண்டிய விவரங்களைச் சேகரியுங்கள்.

இனி முக்கியமானது. உட்காரும் முன் தாளில் ஒரே ஒரு கேள்வி எழுத வேண்டும். 'ரப்பர் விளை' (ரப்பர் தோட்டம்) என்று மட்டும் எழுதினால் கவலைதான் பெருகும். 'பழைய மரங்களை இந்த ஆண்டு வெட்டி மறுநடவு செய்தால், புதுமரம் பால்வெட்டுக்கு வரும் ஏழு ஆண்டுவரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி?' என்று எழுதினால் யோசனை நகரும். மரக் கணக்கு, கடன் விவரம், இப்போதைய விலை எல்லாவற்றையும் முந்தின இரவே தாளில் குறித்து வையுங்கள். விலை பார்க்கப் போனை எடுத்த கையோடு யோசனை முடிந்துவிடும். போனைக் கவிழ்த்து வைப்பது போதாது, அடுத்த அறையில் வையுங்கள். அலாரத்துக்குச் சின்னக் கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம்.

முதல் பத்து நிமிடம் கரண்ட் பில், கேஸ் புக்கிங் என்று வரிசையாக நினைவுக்கு வரும். அடக்கப் பார்க்காமல் பக்கத்துத் தாளில் குறித்துவிட்டுக் கேள்விக்குத் திரும்புங்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பழையதன் மிச்சம் மனதில் தங்குவதை 2009-இல் சோஃபி லெராய் ஆய்வில் காட்டினார். எழுந்ததும் வாட்ஸ்அப் பார்க்கக் கூடாது என்பது இதனால்தான்.

வெளியிடம் வேண்டுமென்றால் சிதறால் மலை, வார நாளில். சமணத் துறவிகள் தங்கிய இடம், பாறை நிழல் உண்டு. விவேகானந்தர் பாறையின் தியான மண்டபம் அருமையானதுதான். ஆனால் ஐயப்ப சீசனில் படகு வரிசையிலேயே பொழுது போய்விடும்.

கைக்குழந்தை உள்ள தாய்க்கு 4.30 மணி யோசனையைச் சொல்ல மாட்டேன், தூக்கம்தான் முதலில். பகலில் 25 நிமிடம் போதும். அந்த நேரம் குழந்தையை வேறொருவர் முழுப் பொறுப்பில் வேறு அறைக்குத் தூக்கிப் போக வேண்டும். 'டவல் எங்கே?' என்று வந்து கேட்கவும் கூடாது.