மூன்று நாள் வெயிலில் வைத்தும் சாயம் வெளுக்கவில்லையே?

கேள்வி: திருப்பூரில் சின்ன சாயப்பட்டறை நடத்துகிறேன். டைட்டானியம் டை ஆக்சைடு பொடியைச் சாயக் கழிவில் கலந்து வெயிலில் வைத்தால் நிறம் போய்விடும் என்றார்கள். பெயின்ட் மூலப்பொருள் கடையில் வாங்கி, ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கை அள்ளிப் போட்டேன். மூன்று நாளாகியும் கருநீலம் அப்படியே இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: தப்பு கடையிலேயே தொடங்கிவிட்டது. பெயின்ட்டுக்கான பொடி வெயிலில் வேலை செய்யக் கூடாது என்றே தயாராவது. செய்தால் சுவரில் அடித்த பெயின்ட் மாவாக உதிருமே! அதனால் துகள்களின் மேல் சிலிக்கா, அலுமினா பூசிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது பூச்சில்லாத அனட்டேஸ் வகை (டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு படிக வடிவம்) நுண்பொடி.

அதன்மேல் சுமார் 387 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளமுள்ள புற ஊதா ஒளி பட்டால், துகளுக்குள் ஓர் எலக்ட்ரான் துள்ளி எழும். அது விட்டுப்போன வெற்றிடம் தண்ணீரிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி, எதையும் தாக்கத் துடிக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற மூலக்கூறுத் துண்டை உண்டாக்கும். சாய மூலக்கூறைக் கடித்துக் குதறுவது இதுதான். எழுந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள நீரில் ஆக்சிஜன் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது பழைய இடத்துக்கே திரும்பிவிடும், பட்ட ஒளி வீண். சோதனைக்கு மீன்தொட்டி பம்ப்பால் காற்று ஊதினாலே போதும்.

சரி, பொடியை மாற்றினால் முடிந்ததா? இல்லை. வெயிலில் புற ஊதா ஏறக்குறைய 5 சதவீதம்தான். அதையும் கருநீலத் தண்ணீர் மேலேயே தடுத்துவிடும். வாளியை விட்டுவிட்டு அகலமான தட்டில், நன்றாக நீர்க்கச் செய்து வையுங்கள். பொடி லிட்டருக்கு ஒரு கிராம் போதும்; அள்ளிப் போட்டால் பொடியே ஒளியை மறைக்கும். அப்புறம், பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயக் கழிவில் உள்ள உப்பும் சோடாவும் ராடிக்கல்களைத் தின்றுவிடும்.

நிறம் குறைந்ததும் நம்பிவிடாதீர்கள். சாயம் பொடியில் வெறுமனே ஒட்டியிருக்கலாம்; அதே கலவையை இன்னொரு தட்டில் இருட்டில் வைத்து ஒப்பிடுங்கள். அசோ வகைச் சாயத்துக்கு நிறம் தருவது இரண்டு நைட்ரஜன் அணுக்களின் பிணைப்பு; அது அறுந்தாலே நிறம் போய்விடும், பென்சீன் வளையங்கள் கண்ணுக்குத் தெரியாமல் மிச்சமிருக்கும். ஆய்வகத்தில் சி.ஓ.டி. (நீரில் மிஞ்சிய கரிமக் கழிவைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு) பார்த்தால்தான் உண்மை தெரியும்.

சாயத்தொட்டியிலிருந்து நேராக வரும் கழிவுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உயிரியல் சுத்திகரிப்பு முடிந்தபின் மிஞ்சும் லேசான நிறத்தைப் போக்க முயலலாம். உப்பை இது தொடவே தொடாது, ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் செய்கிற வேலை அது. ஆகவே தட்டில் வெளுத்த தண்ணீரையும் சாக்கடையில் ஊற்றாமல் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் குழாயிலேயே விடுங்கள்.