பல்கலைக்கழகங்கள் அரசுக்குத் தரும் அறிக்கைகளின் சுமையைக் குறைத்தால் கண்காணிப்பு தளர்ந்துவிடாதா?

தளராது. ஆனால் எதைக் குறைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ‘படிவங்களைப் பாதியாக்குங்கள்’ என்று தொடங்கினால் பெரிய பயன் இருக்காது.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் தரவுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அரசுத் துறைகள், தர மதிப்பீட்டு அமைப்பு, ஆராய்ச்சிக்கு நிதி தருபவர்கள் என எல்லோருக்கும் போகிற அறிக்கைகள் எங்கள் கையைத் தாண்டித்தான் போகும். எங்களைப் பாடாய்ப் படுத்துவது படிவங்களின் எண்ணிக்கை அல்ல. ஒரே விஷயத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எண்ணச் சொல்கிறார்களே, அதுதான்.

‘மொத்த மாணவர்கள் எத்தனை பேர்?’ இதைவிட எளிய கேள்வி இருக்க முடியாது. ஒருவர், குறிப்பிட்ட ஒரு தேதியில் பதிவில் இருந்தவர்களைக் கேட்பார். இன்னொருவருக்கு ஆண்டு முழுக்க வந்துபோன எல்லோரும் வேண்டும். மூன்றாமவர், பகுதிநேர மாணவர்களை முழுநேரக் கணக்குக்கு (அரை நேரம் படிப்பவர் இருவர் சேர்ந்தால் ஒருவர் என்பதுபோல) மாற்றித் தரச் சொல்வார். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கும் பிஎச்டி மாணவி ஒரு படிவத்தில் மாணவி, அடுத்த படிவத்தில் இல்லை. மூன்று எண்களும் சரிதான். சில மாதம் கழித்து, ‘தங்கள் அறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, விளக்கம் தரவும்’ என்று ஒரு கடிதம் வரும். அப்புறம் பெயர்ப் பட்டியலை எடுத்து, வித்தியாசத்தை ஒவ்வொரு பெயராகத் தேடி, துறைத் தலைவரிடமும் பதிவாளரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். படிவத்தை நிரப்ப ஒரு பிற்பகல் போதும். விளக்கம் எழுதத்தான் வாரக்கணக்கில் ஆகிறது.

பேராசிரியர்கள் பாடு இதைவிட மோசம். அமெரிக்காவில் மத்திய அரசின் நிதியில் ஆராய்ச்சி செய்பவர்களிடம் எஃப்டிபி என்ற கூட்டமைப்பு அவ்வப்போது கணக்கெடுக்கிறது. அந்த ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கும் நேரத்தில் 42 சதவீதம் விண்ணப்பம், அறிக்கை, நிர்வாகம் என்றே போவதாக 2005-இல் சொன்னார்கள். 2012-லும் அதே 42. 2018-இல் 44. இடையில் சுமையைக் குறைப்போம் என்ற பேச்சுக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

உருப்படியாக நடந்ததற்கு ஆஸ்திரேலியாவைச் சொல்வேன். அங்கே டெக்சா என்ற ஒழுங்குமுறை அமைப்பு 2011-இல் வந்தது. கெடுபிடி அதிகம் என்று புகார் எழுந்ததும், 2013-இல் குவாங் லீ டோ, வலெரி பிரெய்த்வெயிட் இருவரும் ஆராய்ந்து அறிக்கை தந்தார்கள். நிறுவனங்களைப் பதிவு செய்வது, படிப்புகளுக்கு அங்கீகாரம் தருவது என்ற அடிப்படை வேலையில் அந்த அமைப்பு கவனம் வைக்கட்டும் என்பது அதன் சாரம். 2014-இல் சட்டத்தையே திருத்தினார்கள். பிரச்சினைக்கு வாய்ப்புள்ள இடத்தை ஆழமாகப் பார்ப்பது, மற்ற இடத்தில் லேசாகப் பார்ப்பது என்ற கொள்கை அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த வழி. பல ஆண்டுகளாக ஒழுங்காக நடக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நேற்று தொடங்கிய கல்லூரிக்கும் ஒரே அளவு காகிதம் கேட்பதில் என்ன நியாயம்?

புதிய போர்ட்டல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம். பிரிட்டனில் மாணவர் தரவைத் திரட்டும் முறையை நவீனமாக்க ‘டேட்டா ஃபியூச்சர்ஸ்’ என்ற திட்டம் கொண்டுவந்தார்கள். அந்த முறையில் 2022-23 கல்வியாண்டுத் தரவைத் திரட்டியபோது சிக்கலுக்குமேல் சிக்கல் வந்து, புள்ளிவிவர வெளியீடே தள்ளிப்போனது. என்னைக் கேட்டால், மென்பொருளுக்கு முன்னால் எல்லாத் துறைகளும் உட்கார்ந்து ‘மாணவர்’, ‘ஆசிரியர்’, ‘படிப்பை முடித்தவர்’ என்றால் யார் யார் என்று ஒரே வரையறைக்கு வரட்டும். ஒருமுறை கொடுத்த தரவைத் துறைகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளட்டும். படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்ப்பவர், அந்தப் பதிலை வைத்து யார் என்ன முடிவெடுக்கப் போகிறார் என்று எழுதித் தரட்டும். மூன்று ஆண்டுகள் யாருமே தொடாத கேள்வியை நீக்கிவிடலாம்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமானது. சுமை என்ற சாக்கில் மறைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1986-இல் ஜீன் கிளெரி என்ற மாணவி தன் விடுதி அறையிலேயே கொல்லப்பட்டார். பெற்றோரின் போராட்டத்தால் 1990-இல் சட்டம் வந்தது. அரசின் மாணவர் உதவித்தொகைத் திட்டங்களில் இருக்கும் கல்லூரிகள் வளாகக் குற்றங்களின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதை வேண்டாம் என்று யார் சொன்னாலும் நான் எதிர்ப்பேன். ஆனால் அதன் விளக்கக் கையேடு 250 பக்கங்களைத் தாண்டியது. மாணவர்கள் பயணம் போய்த் தங்கிய வெளிநாட்டு ஹோட்டலைப் பற்றிக்கூட அந்த ஊர்க் காவல்துறையிடம் கடிதம் எழுதிக் கேட்கும் நிலை வந்தது. 2020-இல் அந்தக் கையேட்டை விலக்கிக்கொண்டார்கள். குற்றக் கணக்கை வெளியிடும் கடமை மட்டும் அப்படியே இருக்கிறது.