ஹிப்போலிட் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்த ‘ஹிப்போலிட்’ (1931) என்ற ஹங்கேரியப் படத்தைப் பார்த்தேன். காதல் நகைச்சுவை என்று எழுதியிருந்தீர்கள். காதலர்களைவிட பட்லர் ஹிப்போலிட்தான் அதிக நேரம் திரையில் இருக்கிறார். சரக்குப் போக்குவரத்தில் பணம் சேர்த்த ஒரு குடும்பம் மேட்டுக்குடி வாழ்க்கைக்கு ஆசைப்பட்டு அவதிப்படுவதைக் காட்டிச் சிரிப்பது, ‘அவரவர் இடத்தில் அவரவர் இருங்கள்’ என்று சொல்வதாகாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மேட்டுக்குடி வாழ்க்கைக்கு ஆசைப்படுபவர் குடும்பத் தலைவர் ஷ்னைடர் அல்லர், அவருடைய மனைவி. கோமகன் வீட்டில் வேலை பார்த்த ஹிப்போலிட்டை அமர்த்திக்கொள்வதும், மகளை நகராட்சிப் பிரமுகரின் உறவினருக்கு மணமுடிக்க முனைவதும் அவர்தான்; மகளோ தந்தையின் நிறுவனத்தில் வேலை செய்யும் பெனதெக்கை விரும்புகிறாள். ஆகவே பட்லரின் சட்டதிட்டங்கள் அந்த வீட்டில் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதே இந்தக் காதல் நிறைவேறுமா என்ற கேள்வியும் ஆகிறது. காதலர்கள் குறைவாக வந்தாலும் கதையின் முடிச்சு அவர்களுடையதுதான்.

இரவு உணவுக் காட்சிகளை இன்னொரு முறை பாருங்கள். சொந்த வீட்டில், சொந்தக் காசில் சாப்பிடும் மனிதர் விருந்துக்குரிய கறுப்பு உடையில் விறைத்து உட்கார்ந்திருக்கிறார்; ஆசைப்பட்ட வெங்காயம்கூட அவருக்கு மறுக்கப்படுகிறது. ஷ்னைடராக வரும் ஜூலா கபோஷ் சொற்களை விழுங்கியும் திக்கியும் பேச, ஹிப்போலிட்டாக வரும் ஜூலா சோர்தோஷ் அசையாமல் நிற்கிறார். நம் சிரிப்பு கபோஷுக்குத் துணையாகவே எழுகிறது. அது தாக்குவது, உழைத்துச் சம்பாதித்தவனை அவன் வீட்டிலேயே விருந்தாளியாக்கும் அந்த நாகரிகத்தைத்தான். இறுதியில் அவர் கொதித்தெழுந்து பட்லரை வெளியேற்றும்போது அரங்கம் யார் பக்கம் இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதல் உலகப் போரில் தோற்று, 1920இன் ட்ரியனான் உடன்படிக்கையில் பெரும் நிலப்பரப்பை இழந்த பிறகும் ஹங்கேரியச் சமூகம் பட்டங்களையும் பழைய மரியாதைகளையும் விட்டுவிடவில்லை. இந்தப் படத்தை எடுத்த இஷ்த்வான் செக்கேலி, திரைக்கதை எழுதிய காரோய் நோட்டி, நடித்த கபோஷ் ஆகியோர் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். ‘அவரவர் இடத்தில் இருங்கள்’ என்று உண்மையிலேயே சொன்னது, நாடகம், திரைப்படம் உள்ளிட்ட துறைகளில் யூதர்களுக்கு 20 விழுக்காடு உச்சவரம்பு விதித்த 1938ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஆண்டே செக்கேலி அமெரிக்கா சென்றார். மறு ஆண்டு கபோஷும் புறப்பட்டார். 1941இல் நியூயார்க்கில் இறந்தார். அவர்கள் தந்த சிரிப்பின் மீது அதே வாசகத்தைச் சுமத்துவது எனக்கு வருத்தமளிக்கிறது.

ஹங்கேரியின் முதல் பேசும்படமான ‘நீலச் சிலை’ அதே 1931இல் வெளிவந்து தோற்றது. அங்கே பேசும்படத்துக்கு உயிர் கொடுத்தது ஹிப்போலிட்டின் வெற்றி. காதலர்கள் நிறைய வரவேண்டும் என்பது உங்கள் விருப்பமானால், பேலா கால் இயக்கிய ‘மெஷெயவ்தோ’வை (1934) அடுத்துப் பாருங்கள். வேலை தேடி வரும் பெண்ணுக்காக வங்கி இயக்குநர் ஒருவர் கார் ஓட்டுநராக வேடமிடும் கதை அது. கபோஷ் அதிலும் இருக்கிறார்.

அன்புடன்.