லுக்லாவுக்குப் பறக்காமல் எவரெஸ்ட் அடிவாரம்: வாசகர் கேள்வி–பதில்

நேபாளத்தின் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் (அடிவார முகாம்) நடையை, வழக்கமாக விமானத்தில் போய் இறங்கும் மலையூரான லுக்லாவில் தொடங்காமல் வேறு ஊரிலிருந்து தொடங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

லுக்லா விமானத்தை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஜிரி, சல்லேரி ஆகிய ஊர்களிலிருந்தும் நடக்கலாமாம். கையில் இருப்பது 20 நாள் விடுப்பு. எது சரிப்படும்?
– வாசகி, கோயம்புத்தூர்

20 நாள் என்றால் சல்லேரி.

லுக்லா ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர்தான். ஏறத்தாழ 12 சதவீதச் சரிவு. ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளத்தாக்கு. விமானி கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். அதனால் மேகம் இறங்கினாலோ மதியக் காற்று எழும்பினாலோ சேவை நின்றுவிடும். கூட்டம் மிகுந்த வசந்த, இலையுதிர் காலங்களில் பெரும்பாலான விமானங்கள் காத்மாண்டுவிலிருந்து கிளம்புவதும் இல்லை. நான்கைந்து மணி நேரம் சாலையில் போய் ராமேச்சாப் மாவட்டத்தின் மன்தலியில் ஏற வேண்டும். அதற்கு நள்ளிரவு தாண்டியதும் காத்மாண்டுவை விட்டுக் கிளம்ப வேண்டும்.

பயத்தை ஒதுக்கி வைத்து நாள் கணக்கைப் பாருங்கள். சென்னையிலிருந்து காத்மாண்டுவுக்கு 1 நாள், வானிலைக்காக ஒதுக்கிவைக்க 2 நாள், லுக்லாவில் இறங்கி அடிவாரம் போய்த் திரும்ப 11 நாள், வெளியே பறக்க 1, அதற்கும் ஒதுக்கு 2, ஊர் திரும்ப 1. ஆக 18. சல்லேரி வழியில் போகும்போது ஒதுக்கு நாள் தேவையில்லை. காத்மாண்டுவிலிருந்து ஜீப்புக்கு 1 நாள், நடை 14 நாள், மற்றவை அப்படியே. ஆக 20. விமானத்தைத் தவிர்ப்பதன் உண்மையான விலை இரண்டே நாள். ஜிரி வழி 23 நாள் கேட்கும்.

சல்லேரியிலிருந்து முதல் நாள் தாக்சிந்து கணவாய் தாண்டி நுன்தாலா, இரண்டாம் நாள் காரி கோலா அல்லது புப்சா, மூன்றாம் நாள் சுர்கே, நான்காம் நாள் பாக்டிங். பாக்டிங்கிலிருந்து எல்லோரும் போகும் பாதைதான். சல்லேரிக்கு அப்பாலும் இப்போது ஜீப் போகிறது. காரி கோலா தாண்டி தாம்தாண்டா வரை உட்கார்ந்தே போனால் இரண்டு நாள் நடை மிச்சம். மழைக்காலத்தில் அந்த மண் சாலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

ஜிரியிலிருந்து நடக்க முடிவு செய்துவிட்டோம். ஒவ்வொரு நாளும் எங்கே தங்குவது? எந்த நாள் கடினம்?
– வாசகர், மதுரை

ஜிரிவரை பேருந்து போகும். முடிந்தால் அதே நாளில் சிவாலயா வரை (1,770 மீ) போய்விடுங்கள். அரை நாள் மிச்சமாகும்.

முதல் நாள் தேவ்ராலி கணவாய் (2,705 மீ) ஏறி பண்டாரில் (2,190 மீ) தங்கல். இரண்டாம் நாள் கிஞ்சாவுக்கு (1,630 மீ) இறங்கி, அதே நாள் சேதேவுக்கு (சுமார் 2,520 மீ) ஏற வேண்டும். இந்த ஏற்றம் மதிய வெயிலில் வந்தால் ஆளை உருக்கிவிடும். விடிந்ததும் பண்டாரை விட்டுக் கிளம்பி, 11 மணிக்குள் கிஞ்சாவில் சாப்பிட்டுவிட்டு ஏறத் தொடங்குங்கள். கிஞ்சாவிலேயே தங்கிவிட்டால் மறுநாள் லாம்ஜுரா கணவாய்க்கு 1,900 மீட்டர் ஒரே மூச்சில் ஏற நேரும். பலர் செய்யும் பிழை அதுதான்.

மூன்றாம் நாள் லாம்ஜுரா (3,530 மீ). லுக்லாவுக்கு முன் இந்த வழியில் வரும் மிக உயரமான இடம். ஏப்ரலில் சுற்றிலும் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஜுன்பேசிப் பக்க இறக்கத்தில், நிழல் விழும் இடங்களில் பனி உறைந்து கண்ணாடியாக இருக்கும். அந்த மாதங்களில் ஷூவில் மாட்டும் சிறு முள்சங்கிலி தேவை. இரவு ஜுன்பேசியில் (2,700 மீ). அழகான ஊர். நாள் மிச்சமிருந்தால் செலவழிக்க இதைவிட நல்ல இடம் இந்தப் பாதையில் இல்லை.

நான்காம் நாள் ரிங்மோ வழியாக தாக்சிந்து கணவாய் (3,071 மீ) தாண்டி நுன்தாலா. ஐந்தாம் நாள் தூத் கோசி ஆற்றுப் பாலத்துக்கு (சுமார் 1,500 மீ) இறங்கி, மறுபடி காரி கோலா, புப்சா (2,360 மீ) என்று ஏற்றம். ஆறாம் நாள் சுர்கே, ஏழாம் நாள் சௌரிகர்க்கா வழியாக பாக்டிங். லுக்லாவுக்கு ஏறத் தேவையே இல்லை. பாதை அதற்குக் கீழாகவே போய் செப்லுங்கில் பெரிய பாதையோடு சேர்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வழியின் பல துண்டுகளை இன்று ஜீப் சாலை விழுங்கிவிட்டது. தூசி உண்டு. பழைய கல்படிப் பாதை சாலையைக் குறுக்கே வெட்டி வெட்டிப் போகும். ஒவ்வொரு வளைவிலும் அதைத் தேடிப் பிடியுங்கள். சாலையோடு போனால் தூரமும் அதிகம், அலுப்பும் அதிகம். காரி கோலாவுக்கு மேல் கோவேறு கழுதைகள் சரக்கோடு வரிசையாக வரும். மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் வேண்டாம். மூட்டை இடித்தால் கீழே போவது நீங்கள்தான். தொங்குபாலத்தில் அவை ஏறிவிட்டால் இக்கரையிலேயே நில்லுங்கள்.

ஏழு நாள் மலையிலேயே நடந்து வருகிறோம், 3,530 மீட்டரும் ஏறிவிடுகிறோம். உடம்பு பழகியிருக்குமே, பாக்டிங்குக்கு மேலே உள்ள நாம்சே ஊரில் ஓய்வு நாளைக் குறைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், திருச்சி

கூடாது. மாற்று வழியில் வருகிறவர்கள் ஏமாறும் இடமே இதுதான்.

பகலில் எவ்வளவு உயரம் தொட்டீர்கள் என்பதைவிட, இரவில் எங்கே தூங்கினீர்கள் என்பதே முக்கியம். லாம்ஜுராவைத் தாண்டும் நாளில் நீங்கள் தூங்குவது 2,700 மீட்டரில். அடுத்த நாள்களில் 2,300 வாக்கில். நடுவே 1,500 வரை இறங்கியும் விடுகிறீர்கள். பழக்கம் என்று கொஞ்சம் சேர்ந்திருந்தாலும் ஆற்றங்கரையில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஏழு நாள் நடையால் காலும் மூச்சும் பலப்படும், தினசரி நடைக்கு உடம்பு வசப்படும். ஆனால் 3,440 மீட்டர் நாம்சேயில் ஆக்சிஜன் குறைவு பற்றி உங்கள் ரத்தத்துக்கு இன்னும் பெரிதாக எதுவும் தெரியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. லுக்லாவில் இறங்குகிறவர் புத்துணர்ச்சியோடு, கொஞ்சம் பயத்தோடு மெதுவாக நடப்பார். ஜிரிக்காரர் நல்ல வேகத்தில் இருப்பார், மற்றவர்களை முந்துவார். வேகமாக ஏறுகிறவருக்குத்தான் மலைநோய் (உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருவது) முதலில் வருகிறது. உடல் வலுவுக்கும் மலைநோய்க்கும் சம்பந்தமில்லை.

விதி எளிது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்குங்கள். மோஞ்சோவிலிருந்து (2,835 மீ) நாம்சேக்கு ஏறுவதே 600 மீட்டர். அங்கே ஊர் அமைப்பு அப்படி, தவிர்க்க வழியில்லை. அதனால்தான் நாம்சேயில் இரண்டு இரவு. பிறகு தெங்போச்சே (3,860), டிங்போச்சே (4,410) இரண்டு இரவு, லோபுச்சே (சுமார் 4,900), கோரக் ஷெப் (5,164). ஓய்வு நாள் என்றால் படுத்துக் கிடப்பதல்ல. காலையில் 300, 400 மீட்டர் மேலே போய்விட்டு இறங்கி வந்து தூங்குவது.

தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ மிகுந்த சோர்வோ சேர்ந்தால் அன்று மேலே போகக் கூடாது. கூடினால் இறங்க வேண்டும். நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினாலோ உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ இரவென்றும் பாராமல் இறக்குங்கள். பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் சிகிச்சை நிலையமும், நாம்சேக்கு மேலே கும்டேயில் மருத்துவமனையும் இருக்கின்றன. மலைநோய்க்கு முன்தடுப்பாக அசிட்டசோலமைடு மாத்திரை 125 மில்லிகிராம் காலை, மாலை எடுப்பது வழக்கம். சல்பா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

வயது 58. ஏறுவதில் சிரமம் இல்லை, இறங்கும்போதுதான் முழங்கால் வலி. எந்தத் தொடக்கம் நல்லது?
– வாசகர், சேலம்

உங்களுக்கு லுக்லாதான் நல்லது. பயம் இருந்தால் ஜீப்பில் தாம்தாண்டா. ஜிரி வழி இமயமலையின் நீரோட்டத்துக்குக் குறுக்கே போகிறது, அதனால் ஒவ்வொரு கணவாயும் ஏறி ஒவ்வோர் ஆற்றுக்கும் இறங்கித் தீர வேண்டும். தாக்சிந்துவிலிருந்து தூத் கோசி பாலம் வரை மட்டும் 1,500 மீட்டருக்கு மேல் இறக்கம். சல்லேரியில் தொடங்கினாலும் இந்த இறக்கம் தப்பாது.

அப்படியும் போவதாக இருந்தால் இறக்கத்துக்கென்று பயிற்சி எடுங்கள். தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்கும் வேலை அது, ஏற்றத்தில் வராது. வெள்ளியங்கிரி போனவர்களைக் கேளுங்கள், ஏழு மலை ஏறியதைவிட இறங்கிய மறுநாள் படியில் கால் வைக்க முடியாததைத்தான் சொல்வார்கள். ஏர்க்காடு பக்கத்தில் இருக்கிறது. எட்டு வாரம், வாரம் இரண்டு முறை, 6 கிலோ பையோடு படிகளில் மெதுவாக இறங்கிப் பழகுங்கள். இரண்டு ஊன்றுகோல் கட்டாயம். இறக்கத்தில் அவற்றை 5 முதல் 10 செ.மீ. நீட்டிக்கொள்ளுங்கள். பையைப் போர்ட்டரிடம் கொடுப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

காத்மாண்டு போகாமல் ரயிலிலேயே போய்ச் சேர முடியுமா?
– வாசகர், சென்னை

முடியும். சல்லேரிக்குத் தெற்கிலிருந்தும் சாலை இருக்கிறது. பீகாரின் ஜெய்நகர் வரை இந்திய ரயில், அங்கிருந்து 2022 ஏப்ரலில் தொடங்கிய நேபாள ரயிலில் ஜனக்பூர். பிறகு பேருந்திலும் ஜீப்பிலும் பர்திபாஸ், சிந்துலி, குர்கோட், ஒகல்துங்கா வழியாக சல்லேரி. ஜனக்பூரிலிருந்து இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பர் வெள்ளத்தில் காத்மாண்டு–சிந்துலி நெடுஞ்சாலை மோசமாகச் சேதமானது ரோசி ஆற்றோரப் பகுதியில். தெற்கு வழியில் வருகிறவர் அந்தப் பகுதியைத் தொடவே மாட்டார். ஜிரி சாலையும் வேறு திசை.

எல்லையில் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை காட்டுங்கள். ஆதாரை நம்பிப் போகாதீர்கள். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது நிலையான விகிதம். சல்லேரியை விட்டால் அடுத்த ஏ.டி.எம். லுக்லாவிலும் நாம்சேயிலும்தான். லுக்லாவுக்கு ஏறாமல் போகிறவர்கள் நாம்சே வரைக்குமான பணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

தொடங்கும் ஊர் மாறினால் அனுமதிச் சீட்டும் மாறுமா?
– வாசகி, ஈரோடு

ஜிரி வழியில் ஒன்று கூடும். சிவாலயாவில் கௌரிசங்கர் பாதுகாப்புப் பகுதியின் சோதனைச் சாவடி இருப்பதால் அந்தச் சீட்டைக் காத்மாண்டுவிலேயே எடுத்துவிடுங்கள். சல்லேரிக்காரர்களுக்கு அது வேண்டாம். சாகர்மாதா தேசியப் பூங்காச் சீட்டும் உள்ளாட்சி அனுமதியும் எல்லோருக்கும் உண்டு. இரண்டையும் மோஞ்சோவில் வாங்கலாம். பூங்காவுக்கு வெளிநாட்டவர் 3,000 நேபாள ரூபாய், நமக்குச் சார்க் நாட்டவர் என்பதால் 1,500, அதன்மேல் 13 சதவீத வரி. பாஸ்போர்ட்டைக் காட்டிச் சலுகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஜிரிக்கு நாள் போதாது, முழுக்க ஜீப்பில் போகவும் மனமில்லை. நடுவழி உண்டா?
– வாசகர், பெங்களூரு

பிக்கே சிகரம் (4,065 மீ). ஜீப்பில் தாப் வரை போய், ஜாப்ரே வழியாக ஏறி, சிகரம் பார்த்து ஜுன்பேசியில் இறங்கினால் ஜிரிப் பாதையோடு சேர்ந்துவிடலாம். வானம் தெளிந்திருந்தால் எவரெஸ்ட் உட்பட நீண்ட பனிமலை வரிசை தெரியும். சாலையும் குறைவு. கவனிக்க வேண்டியது ஒன்று. ஜாப்ரேயிலிருந்து பிக்கே அடிவாரத்துக்கு ஒரே நாளில் போனால் தூங்கும் உயரம் 800 மீட்டர் கூடிவிடும். ஜாப்ரேயில் இன்னோர் இரவு தங்கிவிட்டுப் போங்கள். இதில் கிடைக்கும் பழக்கம் ஜிரி வழியைவிடக் கொஞ்சம் மேல், ஆனாலும் நாம்சே ஓய்வு நாளை இதுவும் ரத்து செய்யாது.

திரும்பும்போதும் விமானம் வேண்டாம் என்றால்?
– வாசகி, கோயம்புத்தூர் (முதல் கேள்வி கேட்டவரே)

நாம்சேயிலிருந்து ஒரு நாளில் பாக்டிங் தாண்டி செப்லுங், மறுநாள் சுர்கே, பைய்யா வழியாக தாம்தாண்டா அல்லது காரி கோலா, அங்கிருந்து ஜீப்பில் சல்லேரி, அடுத்த நாள் காத்மாண்டு. விமானத்துக்காக ஒதுக்கிய இரண்டு நாள் இதற்குச் சரியாகப் போய்விடும். மொத்த நாள் கூடாது. ஜீப் இருக்கையைச் சாப்பாட்டுக் கடைகளிலேயே முந்தின மாலை சொல்லிவையுங்கள். விடியற்காலை கிளம்பும் வண்டியைத் தவறவிட்டால் அன்றைய நாள் போச்சு. லுக்லாவில் விமானங்கள் நின்றுபோன நாள்களில் எல்லோரும் அந்த ஜீப்புகளைத்தான் தேடி வருவார்கள். அப்போது விலை ஏறும், இடமும் கிடைக்காது. அப்படிப்பட்ட நாளில் சல்லேரி வரை நடக்க இரண்டு நாள் தேவைப்படும் என்பதை மனதில் வைத்தே ஊர் திரும்பும் டிக்கெட்டை எடுங்கள்.