வெள்ளி மாலை 6 மணிக்குப் பிறகு பூனைக்கு உடம்பு முடியாமல் போனால்

தம்பி, கோவையிலிருந்து பூனையோடு ஜெர்மனியில் மியூனிக் வந்து இரண்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். போன சனிக்கிழமை இரவு அது நாலைந்து தடவை வாந்தி எடுத்ததையும், யாரைக் கூப்பிடுவதென்று தெரியாமல் விடியும்வரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் சொல்லி, இங்கே இரவில் டாக்டர் கிடைப்பாரா, எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. நானும் அப்படி ஒரு இரவு உட்கார்ந்திருக்கிறேன்.

டாக்டர் கிடைப்பார். ஆனால் போகிற முறை வேறு. சென்னையில் எங்கள் வீட்டு நாய்க்கு ஏதாவது என்றால் அப்பா ஆட்டோ பிடித்து நேரே வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். வரிசையில் நின்றால் யாராவது பார்த்துவிடுவார்கள். இங்கே முதலில் போன் செய்ய வேண்டும். இரவில் வாசல் பூட்டியிருக்கும். இருக்கிற ஒரே டாக்டர் உள்ளே ஆபரேஷனில் இருக்கலாம். நீங்கள் போய் நிற்கும் இடத்தில் அன்றைக்கு அவசர டூட்டியே இல்லாமலும் இருக்கலாம்.

இந்த அவசர சேவைக்கு நோட்டீன்ஸ்ட் என்று பெயர். பல ஊர்களில் டாக்டர்கள் முறைவைத்து மாறி மாறிப் பார்க்கிறார்கள். உங்கள் வழக்கமான டாக்டரின் எண்ணைக் கூப்பிட்டால், அன்றைக்கு யாரிடம் போக வேண்டும் என்று பதிவுசெய்த குரல் பெரும்பாலும் சொல்லும். ஜெர்மன் கடகடவென்று ஓடும். பதறாமல் இரண்டு மூன்று முறை கூப்பிட்டு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். 112 மனிதர்களுக்கானது, பூனைக்கு அதைக் கூப்பிடாதீர்கள். இன்னொன்று: இங்கே 'கிளினிக்' என்று பெயர் வைத்துக்கொள்ளப் பொதுவாக 24 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டும். ஆள் கிடைக்காமல் நிறைய இடங்கள் அந்தப் பெயரையே திருப்பிக் கொடுத்துவிட்டன. அதனால் பழைய பட்டியல்களை நம்பி நடுராத்திரியில் கிளம்ப வேண்டாம். கால்நடை மருத்துவம் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் நாடு முழுக்க ஐந்துதான். அதில் ஒன்று உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அதன் சிறுவிலங்கு மருத்துவமனை எண்ணை இன்றைக்கே போனில் போட்டு வையுங்கள்.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தொகை தெரியாத பயத்தில்தான் நம் ஆட்கள் விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். கட்டணத்துக்குச் சட்டப்படி ஒரு அட்டவணை உண்டு, ஜி.ஓ.டி. என்பார்கள். 2022 நவம்பரில் அது மாறியது. பூனையைப் பொதுவாகப் பரிசோதிக்க அடிப்படைக் கட்டணம் 23.62 யூரோ. பகலில் டாக்டர் இதில் ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை வாங்கலாம். நோட்டீன்ஸ்ட் நேரத்தில் இரண்டிலிருந்து நான்கு மடங்கு, அதன்மேல் 50 யூரோ அவசரக் கட்டணம், எல்லாவற்றுக்கும் 19 சதவீத வரி. கூட்டிப் பார்த்தால் கதவைத் திறந்து தொட்டுப் பார்ப்பதற்கே சுமார் 116 முதல் 172 யூரோ. ஊசி, ஸ்கேன், மருந்து எல்லாம் தனி. மாலை 6 முதல் காலை 8 வரை, வெள்ளி மாலை 6 முதல் திங்கள் காலை 8 வரை, அப்புறம் விடுமுறை நாட்கள், இவைதான் அந்த நேரம். பேரம் பேசாதீர்கள், அட்டவணைக்குக் கீழே வாங்கப் பொதுவாக அவருக்கே அனுமதி இல்லை. கையில் அவ்வளவு இல்லையென்றால் போனிலேயே சொல்லி, தவணை உண்டா என்று கேளுங்கள். சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

இப்போது என் கதை. நான் இருப்பது ஸ்டுட்கார்ட் பக்கம். மூன்று வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பூனை கறுப்பன் மணல் தட்டில் ஏறுவான், குந்துவான், ஒன்றும் வராமல் இறங்குவான், பின்னங்கால் நடுவே நக்கிக்கொண்டே இருப்பான். பத்து நிமிடத்தில் மறுபடி தட்டு. மலச்சிக்கல் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காட்டினால் பாதிக் காசில் முடியும் என்றும் நினைத்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஞாயிறு விடியற்காலை சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். தூக்கினால் கத்தினான். போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் வயிற்றில் கை வைத்த உடனே என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். சாத்துக்குடி அளவுக்குக் கல் மாதிரி ஒரு உருண்டை. மூத்திரப்பை. அடைத்துக்கொண்டு ஒரு சொட்டும் வெளியேறவில்லை. குழாய் போட்டதும் துருப்பிடித்த தண்ணீர் நிறத்தில் வந்தது. அடைப்பு நீடித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடும், இன்னும் அரை நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார். மூன்று நாள் அங்கேயே இருந்தான். 1,300 யூரோ ஆனது. கொடுத்தேன், வீட்டுக்கு வந்தான்.

ஆண் பூனைக்கு இது அடிக்கடி வருகிற நோய், மூத்திரக் குழாய் அவ்வளவு குறுகல். உங்கள் பூனை ஆணா பெண்ணா என்று எழுதவில்லை. ஆண் என்றால் இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "மைன் காட்டர் கன் நிஷ்ட் பிங்கெல்ன்." என் ஆண்பூனைக்கு மூத்திரம் போக முடியவில்லை என்று அர்த்தம். இதைக் கேட்டால் யாரும் நாளைக்கு வா என்று சொல்ல மாட்டார்கள். வாய் திறந்து மூச்சு வாங்குவது, வலிப்பு, வண்டியில் அடிபடுவது, மாடியிலிருந்து விழுவது, இவற்றுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். நமக்குக் காய்ச்சல் மாத்திரை, பூனைக்கு விஷம். கால் மாத்திரை என்றாலும் கொடுக்க வேண்டாம். லில்லிப் பூவும் அப்படித்தான். இங்கே விருந்துக்கு வருகிறவர்கள் பூங்கொத்தோடு வருவார்கள், அதில் லில்லி இருந்தால் வீட்டுக்குள்ளேயே வைக்காதீர்கள். மகரந்தம் மேலே ஒட்டி நக்கினால்கூட சிறுநீரகம் போய்விடும். கடித்துவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அப்போதே கூப்பிடுங்கள்.

காப்பீடு எடுப்பதென்றால் நோய் வருமுன் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பொதுவாகத் தரமாட்டார்கள், ஆரம்பத்தில் காத்திருப்புக் காலமும் உண்டு. ஆபரேஷனுக்கு மட்டுமா, எல்லாச் சிகிச்சைக்குமா, நான்கு மடங்குக் கட்டணம்வரை தருவார்களா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ரேபிஸ் ரத்தப் பரிசோதனை, மூன்று மாதக் காத்திருப்பு என்று அத்தனையும் தாண்டி அதை அழைத்து வந்திருக்கிறீர்கள். வாந்தி நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாலும், இந்த வாரம் ஒரு பகலில் பக்கத்து டாக்டரிடம் ஒருமுறை காட்டிப் பதிவு செய்துவிடுங்கள். அப்படியே, இரவில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவரிடமே கேட்டு, எண்ணை எழுதி குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள், தம்பி.