நண்டு நெபுலா (வெடிச்ச நட்சத்திரத்தோட மிச்ச வாயு மேகம்) விரியறதை வெச்சு கணக்குப் போட்டா தூரம் 30,000 ஒளியாண்டு வருதே?

4.74-ஐ விட்டுட்டீங்க, அதான். வானத்துல தெரியற கோண நகர்வை கிமீ வேகமா மாத்துற எண் அது. ஸ்பெக்ட்ரத்துல (ஒளியை நிறமா பிரிச்சுப் பாத்ததுல) வந்த, நம்மள நோக்கி வர்ற வேகம் செகண்டுக்கு 1500 கிமீ, போட்டோவுல இழை (நூல் மாதிரி தெரியற வாயு) பக்கவாட்டுல நகர்றது வருஷத்துக்கு 0.16 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் டிகிரியில 3600-ல ஒரு பங்கு)னு போட்டிருக்கீங்க, ரெண்டும் ஓகேதான், 1500-ஐ (4.74 × 0.16)-ஆல வகுங்க, கிட்டத்தட்ட 2000 பார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு), அதாவது 6500 ஒளியாண்டு வந்துரும்.

நகர்வு சரியான்னு பாக்க, நடுவுலேர்ந்து இழை இருக்குற தூரத்தை வருஷ நகர்வால வகுங்க. வெடிச்சு எத்தனை வருஷம் ஆச்சுன்னு 900 பக்கம் வரணும், 450 வந்தா முழு அகலம் விரியறதை எடுத்துட்டீங்க. வெடிச்சதை சீனாவுல பாத்தது 1054-ல, கணக்குல வெடிச்ச வருஷம் 1130 பக்கம்தான் வரும், அதுல தப்பில்ல, உள்ள இருக்குற பல்சார் (வேகமா சுத்துற நியூட்ரான் நட்சத்திரம்) தள்ளித் தள்ளி வேகம் கூடியிருக்கு, அதான் வயசு கம்மியா தெரியுது.

ஆனா நெபுலா உருண்டை இல்ல, நீளவாக்குல இருக்கு. நம்மள நோக்கி வர்ற வேகமும் பக்கவாட்டு வேகமும் ஒண்ணுன்னு வெச்சுதான் இந்தக் கணக்கே, அதனால 500 பார்செக் முன்னபின்ன இருக்கலாம்.