நான்காம் வகுப்பு மகளுக்குச் சிங்கப்பூர் சுற்றுலா: கடன் வாங்கி அனுப்பலாமா?

கேள்வி: நான் கொளத்தூரில் வசிக்கிறேன். தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பிடித்தம் போக 68,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்து மாதம் 9,000 வரை ஈட்டுகிறார். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், வண்டிக் கடன், சீட்டு, அம்மாவின் மருந்து, மளிகை எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 65,000 செலவாகிறது. வங்கியில் 1.40 லட்சம் ஃபிக்சட் டெபாசிட் இருக்கிறது. ஒரே மகள், நான்காம் வகுப்பு, வரும் பிப்ரவரியில் பத்து வயது நிறைகிறது. அவள் படிக்கும் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் டிசம்பரில் சிங்கப்பூருக்கு நான்கு இரவு, ஐந்து பகல் சுற்றுலா என்று அறிவித்திருக்கிறார்கள். கட்டணம் 92,000 ரூபாய். வகுப்பில் பாதிப் பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். டெபாசிட்டை உடைப்பதா, மனைவியின் வளையலை அடகு வைப்பதா, தனிநபர் கடன் வாங்குவதா என்று தெரியவில்லை. மகள் இதுவரை விருதுநகரில் பாட்டி வீட்டைத் தவிர வேறு எங்கும் எங்களை விட்டு ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. எங்கள் இருவருக்கும் பாஸ்போர்ட் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதல் சீட்டைக் கொடுக்க வேண்டும். அனுப்பாவிட்டால் ஏங்கிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இந்த ஆண்டு வேண்டாம். வெள்ளிக்கிழமை நெருங்குவதால் முடிவை முதலில் சொல்லிவிட்டேன். காரணங்களை நிதானமாகப் படியுங்கள்.

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த சுற்றறிக்கையைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் 92,000 என்பது தடித்த எழுத்தில், சுற்றிலும் பூ வேலைப்பாட்டுடன் இருக்கிறது. ‘ஜிஎஸ்டி, டிசிஎஸ் தனி’ என்பது இரண்டாம் பக்கத்தின் அடியில், நான் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய அளவில் இருக்கிறது. அதற்குக் கீழே இன்னும் பொடியாக, ‘மாணவர்கள் கைச்செலவுக்கு 150 சிங்கப்பூர் டாலர் வரை கொண்டு வரலாம்’ என்று ஒரு வரி. ‘வரை’ என்று எழுதினால் பெற்றோர் எல்லாரும் முழுத் தொகையைத்தான் கொடுத்து அனுப்புவார்கள். தன் பிள்ளை கடையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கட்டும் என்று எந்த அப்பா நினைப்பார்?

கூட்டிப் பார்ப்போம். சுற்றுலாத் தொகுப்புக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 4,600 ரூபாய். குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு 1,000. ஒரு சிங்கப்பூர் டாலர் 65 ரூபாய்க்கு மேல் விற்கும்போது 150 டாலருக்குப் பத்தாயிரத்தை எடுத்து வைக்க வேண்டும். பெட்டி, ஷூ, மழைக்கோட்டு என்று ஐயாயிரமாவது ஆகும். மழைக்கோட்டைச் சும்மா சேர்க்கவில்லை. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை சிங்கப்பூரிலும் கொட்டும். ஆக, 92,000 என்று தொடங்கியது 1 லட்சத்து 13 ஆயிரத்தை நெருங்கிவிட்டது. டிசிஎஸ் இதற்கு மேல்.

டிசிஎஸ் என்றதும் பலர் பதறுகிறார்கள். அது இழப்பு இல்லை. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்பவர் உங்களிடம் வாங்கி வருமான வரித் துறையிடம் கட்டும் முன்வரி அது. அதன் விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறி வந்திருக்கிறது என்பதால், பில்லில் அதைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். பணம் கட்டும்போது உங்கள் பான் எண்ணைக் கொடுத்தால் உங்கள் கணக்கில் வரவாகும். புதிய வரி முறையில் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை என்பதால், உங்களைப் போன்றவர்கள் கணக்குத் தாக்கல் செய்து முழுவதையும் திரும்பப் பெறலாம். ஆனால் தாக்கல் செய்யும்வரை அந்தப் பணம் உங்கள் கையில் இருக்காது. ஆகவே 1.15 லட்சம் என்று வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

இப்போது நீங்கள் சொன்ன மூன்று வழிகள். டெபாசிட்டை உடைத்தால் வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், அதை விடுங்கள். இன்று உங்களிடம் இருக்கும் 1.40 லட்சம் இரண்டு மாதச் செலவுக்குச் சற்று மேல். அதில் 1.15 லட்சம் போனால் மிச்சம் 25,000. உங்கள் வீடு பன்னிரண்டு நாள் ஓடும். அம்மா மருந்து சாப்பிடும் வீட்டில், வேலை தனியார் நிறுவனத்தில் இருக்கும்போது, இதை நான் கணக்கில்கூட எடுக்க மாட்டேன்.

தனிநபர் கடன்? 1 லட்சம் ரூபாய், 14 சதவீத வட்டி, ஓராண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறக்குறைய 8,980. வட்டி மட்டும் 7,700. உங்கள் இருவரின் வருமானம் 77,000, செலவு 65,000. கையில் மிஞ்சும் பன்னிரண்டாயிரத்தில் ஒன்பதாயிரம் இதற்கே போய்விடும். ஐந்து நாள் பார்த்த சிங்கப்பூருக்கு அடுத்த டிசம்பர் வரை தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். இடையில் ஜூன் மாதம் புதிய வகுப்புக்கான கட்டணமும் வரும்.

வளையலைப் பற்றி என்ன சொல்ல? நகைக் கடனுக்கு வட்டி குறைவு என்பது உண்மை. குறைவு என்பதாலேயே அசலைக் கட்டாமல் ஆண்டுதோறும் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மருத்துவமனைக்காக அடகுக்குப் போன வளையல் எப்படியாவது மீண்டு வந்துவிடுகிறது. சுற்றுலாவுக்காகப் போனது மீள்வதில்லை. ஏன் என்று எனக்கு விளங்கியதில்லை. ஆனால் என்னிடம் வருகிறவர்களின் கணக்குகளில் இதைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன்.

பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் என் பதில் மாறாது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி 92,000 அல்ல. உங்கள் இருவருக்கும் பாஸ்போர்ட் கிடையாது என்பதுதான்.

என் மகன் நான்காம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் ஏலகிரிக்கு மூன்று நாள் முகாம் அழைத்துப் போனார்கள். போகிறபோது பஸ்ஸின் ஜன்னலில் இருந்து கையசைத்ததைப் பார்த்தால் திரும்பியே வரமாட்டான் போலிருந்தது. இரண்டாம் இரவு பதினோரு மணிக்கு ஆசிரியையிடம் இருந்து போன் வந்தது. வாந்தி, காய்ச்சல், அதைவிட அழுகை. காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வேலூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியபோதுதான் நான் இரண்டு வேறு செருப்புகளை மாட்டிக்கொண்டு வந்திருப்பதைக் கவனித்தேன். விடிகிற நேரத்தில் அவன் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். காய்ச்சல் காலையிலேயே இறங்கிவிட்டது. பெரிய விஷயமே இல்லை. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் புது இடத்தில் இரண்டாம் இரவு அப்படித்தான் இருக்கும்.

ஆனால் அந்த இரவில் என்னால் போக முடிந்தது. உங்கள் மகளுக்குச் சிங்கப்பூரில் அப்படி ஒன்று என்றால், முதலில் நீங்கள் அமைந்தகரை பாஸ்போர்ட் சேவை மையத்தில் டோக்கன் வாங்க வேண்டும். பிறகு போலீஸ் சரிபார்ப்பு, பிறகு முகவர் மூலம் விசா, பிறகு கடைசி நேர விலையில் டிக்கெட். சென்னையில் இருந்து விமானத்தில் நாலு மணி நேரம்தான் என்று சுற்றறிக்கை பெருமையாகச் சொல்கிறது. அந்த நாலு மணி நேரம் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு. ஆரம்பப் பள்ளிப் பிள்ளையை வெளிநாட்டுக்கு இரவு தங்க அனுப்புவதென்றால், பெற்றோரில் ஒருவராவது மறுநாளே புறப்படக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அதற்கான பணமும் தனியாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு பாஸ்போர்ட் கட்டணம் 1,500 ரூபாய். அதை இந்தச் சுற்றுலாவின் செலவாகவே நான் எழுதுவேன்.

ரத்து விதியையும் பாருங்கள். உங்கள் சுற்றறிக்கையில் அப்படி ஒரு பத்தியே இல்லை. புறப்படும் வாரத்தில் குழந்தைக்கு அம்மை போட்டால் எவ்வளவு திரும்ப வரும்? ‘பயணக் காப்பீடு உண்டு’ என்று ஒரு வரி இருக்கிறது. அது வெளிநாட்டு மருத்துவச் செலவுக்கு மட்டுமா, பயணம் ரத்தானாலும் கொடுக்குமா? அதுவும் டிசம்பரில்! 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலால் ஓடுதளத்தில் தண்ணீர் தேங்கிச் சேவை நின்றது. சென்னையில் இருந்துகொண்டு டிசம்பரில் விமானம் ஏற்பாடு செய்கிறவர்கள் இதை ஒரு பத்தியாவது எழுத வேண்டாமா? அனுப்ப முடிவு செய்திருக்கும் மற்ற பெற்றோரிடம் சொல்லுங்கள்: காப்பீட்டுப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

வெளிநாட்டுப் பயணமே பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் அறிவிப்புப் பலகையில் தமிழைப் பார்க்கும் குழந்தையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். நம் மொழி இன்னொரு நாட்டின் நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று என்பதை வகுப்பில் சொல்வதும் அங்கே நின்று வாசிப்பதும் ஒன்றல்ல. தமிழ்நாட்டு அரசும் போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களை வெளிநாடுகளுக்கு அழைத்துச் செல்கிறது. அவர்கள் ஆரம்பப் பள்ளியைத் தாண்டியவர்கள், செலவும் அரசுடையது. கையில் பணம் இருந்து, பிள்ளையும் இரண்டு மூன்று முகாம்களில் தங்கிப் பழகியிருந்தால் நான்காம் வகுப்பிலும் அனுப்பலாம்தான். உங்களுக்கு இரண்டுமே இல்லை.

ஏங்கிவிடுவாளோ என்ற பயத்துக்கு வருகிறேன். ஏங்குவாள். ஜனவரியில் பள்ளி திறந்ததும் ஒரு வாரம் சிங்கப்பூர்ப் பேச்சாகத்தான் இருக்கும். சாவிக்கொத்தும் சாக்லேட்டும் வகுப்பைச் சுற்றி வரும். அதைத் தடுக்க முடியாது. ஆனால் ‘அங்கே காய்ச்சல் வரும், பூச்சி கடிக்கும்’ என்று பொய் சொல்லாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்குக் கணக்கு புரியும். ஒரு தாளில் வீட்டு வரவு செலவை எழுதிக் காட்டுங்கள். ‘வகுப்பில் பாதிப் பேர்’ என்றால் மீதிப் பாதி போகவில்லை என்பதையும் அவளே கண்டுபிடிப்பாள்.

அதே டிசம்பரில் எழும்பூரில் இருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் மூவரும் மதுரைக்குப் போங்கள். காலையில் இறங்கினால் கீழடி அருங்காட்சியகம் பக்கம்தான். விருதுநகர் பாட்டி வீடும் அங்கிருந்து தொலைவில்லை. ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் ரயிலில் முழுக் கட்டணம். அதைக் கொடுத்து மேல் படுக்கையை அவளுக்கே வாங்கிவிடுங்கள். அடுத்த ஆண்டு பள்ளியில் ஏலகிரி, ஏற்காடு என்று ஏதாவது முகாம் வைத்தால் தயங்காமல் அனுப்புங்கள்.

சிங்கப்பூருக்கு இப்போதே மாதம் 3,000 ரூபாயில் ஓர் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) தொடங்குங்கள். மூன்றாண்டில் அசல் மட்டும் 1 லட்சத்து 8 ஆயிரம், வட்டி தனி. அவள் ஏழாம் வகுப்புக்கு வரும்போது பள்ளியோடு போகிறாளா, உங்களோடு போகிறாளா என்பதை அவளையே கேட்கலாம். அவளுக்கு பாஸ்போர்ட்டை இப்போது எடுக்காதீர்கள். பதினைந்து வயதுக்குக் கீழே இருந்தால் ஐந்து ஆண்டுக்குத்தான் கொடுப்பார்கள். மூன்றாண்டு அலமாரியில் தூங்கிவிட்டுத் தேவைப்படும்போது இரண்டாண்டுதான் மிச்சம் இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு, அதாவது பெண் குழந்தைகளுக்கான அரசுச் சேமிப்புக் கணக்கு, இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், உங்கள் வீட்டில் உண்மையிலேயே கெடு நெருங்குவது அதற்குத்தான். பத்து வயது நிறைவதற்குள் திறந்தால்தான் உண்டு. பிப்ரவரிக்குப் பிறகு எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் திறக்க முடியாது. 250 ரூபாய் போதும், ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை போடலாம். 2024 ஜனவரியில் நிர்ணயித்த 8.2 சதவீத வட்டி. காலாண்டுக்கு ஒருமுறை அரசு பரிசீலிக்கும். வட்டிக்கு வரி இல்லை. அவளுக்கு 18 வயதாகும்போதோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். இதே வட்டி நீடித்தால் இன்று போடும் 1 லட்சம் ஒன்பது ஆண்டில் 2 லட்சத்தைத் தாண்டும். அதற்காக டெபாசிட்டை உடைக்காதீர்கள். மாதம் 3,000 இதற்கும் போகட்டும். பன்னிரண்டாயிரத்தில் மீதியை அவசரக் கையிருப்பில் சேருங்கள்.

வெள்ளிக்கிழமை ஒப்புதல் சீட்டில் ‘இந்த ஆண்டு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். காரணம் எழுத வேண்டியதில்லை. சனிக்கிழமை காலையில் மகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான், புகைப்படங்களோடு அஞ்சலகத்துக்குப் போங்கள். அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாஸ்புக்கில் அவள் பெயர்தான் இருக்கும்.